கோவை மிதிவண்டிச் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். மருதமலை, ஆனைகட்டி, சிறுவாணி சாலை என்று ஞாயிறு ரைடுகள் மழை நாட்கள் தவிர ஆண்டு முழுக்க நடந்தன. நான் இன்று முக்கியமாகப் பேச வேண்டியது களைப்பைப் பற்றி.

கோடையில் கோத்தகிரி ஏற்றத்துக்குத் தயாரானோம். மேட்டுப்பாளையத்திலிருந்து 30 கிமீக்கு மேல் ஏறிக்கொண்டே போகும் சாலை. ஆர்வத்தில் பலர் செவ்வாய் இன்டர்வல் (விட்டுவிட்டு வேகமாக மிதிக்கும் பயிற்சி), வியாழன் மருதமலை, ஞாயிறு நீண்ட ரைடு என்று விடாமல் மிதித்தார்கள். இரவு ஷிப்ட் பார்க்கும் மில் தொழிலாளி ஒருவர், எப்போதும் முன்னால் நின்று எல்லோரையும் இழுத்துக்கொண்டு போகிறவர், சமதளத்திலேயே பின்தங்கினார். எவ்வளவு அழுத்தியும் இதயத் துடிப்பு ஏறவில்லை. தூக்கம் பிடிக்கவில்லை, சாப்பாடு இறங்கவில்லை. இதைச் சோம்பல் என்று நம்மில் யாரும் சொல்லிவிடக் கூடாது.

மிதிக்கும்போது உடல் தேய்கிறது. பலம் கூடுவது அப்புறம், தூங்கும்போதும் சாப்பிடும்போதும்தான். தசையில் தீர்ந்துபோன கிளைகோஜன், அதாவது உடல் சேமித்து வைக்கும் சர்க்கரை, திரும்ப நிரம்பவே ஒரு நாள் பிடிக்கும். தொழில்முறை வீரர் ரைடு முடிந்ததும் படுத்துவிடலாம். நம்மவர் குளித்துவிட்டு வேலைக்கு ஓட வேண்டும். அந்த வேலையும் பயிற்சிக் கணக்கில் சேர வேண்டியதே.

எனவே, மூன்று வாரம் கடினம், நான்காவது வாரம் லேசு என்று செயற்குழு முடிவெடுத்தது. வாரத்துக்குக் கடினமான ரைடு இரண்டே. மற்றவை பேசிக்கொண்டே ஓட்டும் வேகத்தில். மிதிக்கும் திறனை அளக்கும் பவர் மீட்டர் வாங்க முடியாதவர்களுக்காக, அமெரிக்க உடற்பயிற்சி ஆய்வாளர் கார்ல் ஃபாஸ்டர் சொன்ன எளிய கணக்கைக் கற்றுத்தந்தோம்: ரைடின் சிரமத்துக்குப் பத்துக்கு மதிப்பெண் போட்டு, ஓட்டிய நிமிடங்களால் பெருக்க வேண்டும். 90 நிமிடம், சிரமம் 7 என்றால் 630. வாராவாரம் கூட்டிப் பார்த்தால் பயிற்சிச் சுமை எந்த வாரம் ஏறுகிறது என்று தெரிந்துவிடும்.

லேசான வாரங்களில் வருகை குறைந்தது உண்மை. "இதெல்லாம் ஒரு ரைடா?" என்று கேட்டவர்களும் உண்டு. ஆனாலும் அந்த வாரத்தை எடுத்துவிட நான் சம்மதிக்க மாட்டேன். மில் நண்பர் சில வாரம் ஓய்வெடுத்துவிட்டு வந்து, கோத்தகிரி வரை காலை ஊன்றாமல் ஏறினார். ஓய்வெடுத்தும் களைப்பு தீராதவர்கள் மருத்துவரைப் பார்த்து, இரத்தசோகையோ தைராய்டு கோளாறோ இருக்கிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள்.

வரும் ஆண்டில் 200 கிமீ பிரெவேக்கு (கெடு நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ரைடு) பலர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். பதின்மூன்றரை மணி நேரக் கெடு. அதற்கு முந்தைய வாரம் சங்க ரைடு எதுவும் கடினமாக இருக்காது என்ற தீர்மானத்தையும் இந்த அறிக்கையோடு சேர்த்து ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்