பேரம் பேச எதிரே ஓர் ஆள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் வந்த பயணக் கட்டுரையில் ஒரு வரி: ‘விமானம் கிளம்பினால் காலி இருக்கை வீண்தான், கூச்சப்படாமல் கவுண்டரில் பேரம் பேசுங்கள், பாதி விலைக்குக் கிடைக்கும்.’ பொழுது சாய்ந்தால் சந்தையில் கத்திரிக்காய் விலை இறங்குவதை உதாரணமாக எழுதியிருந்தார்கள். இரண்டு நாளாக அந்த வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நான் காரைக்குடியில் 34 வருஷமாகப் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். பேரம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு பித்தளை விளக்குக்காக ஒரு மணி நேரம் பேசுகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவன். பேரத்துக்கு எதிரே விலையைக் குறைக்க அதிகாரம் உள்ள ஓர் ஆள் வேண்டும். அப்புறம், ‘கட்டாது, வேண்டாம்’ என்று எழுந்து போக நமக்கு வழி இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத இடத்தில் பேசுவதற்குப் பெயர் பேரம் இல்லை, கெஞ்சல்.

போன வருஷம் மே மாதம் விடியற்காலை நாலு மணிக்கு மலேசியாவின் கிள்ளானிலிருந்து போன் வந்தது. எங்கள் ஆச்சி, என் கூடப்பிறந்த அக்கா, தவறிவிட்டார்கள். மறுநாள் காலையில் எடுக்கிறார்கள். பிறந்த வீட்டிலிருந்து போர்த்துகிற கோடிச் சேலை நாங்கள் கொண்டுபோனால்தான் உண்டு. ஜவுளிக் கடையைத் திறக்கச் சொல்லி ஒரு கண்டாங்கிச் சேலை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, 71 வயது அண்ணனையும் கூட்டிக்கொண்டு காரில் ஏறினேன். மலேசியாவுக்கு 2023 டிசம்பரிலிருந்து நமக்கு விசா வேண்டாம்; வருகைப் பதிவை ஆச்சி மகன் அங்கிருந்தே போட்டுவிட்டான். டிக்கெட்தான் மலையாக நின்றது. பொங்கல் கழிந்து போனபோது 8,900 ரூபாய் கொடுத்த அதே பயணம், அன்றைக்குப் போனில் ஆளுக்கு 24,600 ரூபாய் காட்டியது.

உங்கள் கட்டுரை சொன்னதை நான் அன்றைக்கே செய்து பார்த்துவிட்டேன். திருச்சி விமான நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்ணிடம், “துக்க காரியம் அம்மா, கொஞ்சம் பார்த்துப் போடுங்க” என்றேன். என் மகள் வயசுதான் இருக்கும். திரையை என் பக்கம் திருப்பிக் காட்டியது. “ஐயா, உங்க போன்ல வர்ற விலைதான் எனக்கும் வருது. குறைக்கிறதுக்கு என் கையில ஒண்ணுமே இல்ல.” பின்னால் நின்றவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஒரு நிமிஷத்தில் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டதை நான் இன்னும் மறக்கவில்லை.

அப்புறம் அந்தப் பெண்ணே ஒரு வழி சொன்னது. ஒரே விமானத்தில் ஒரே மாதிரி இருக்கையைப் பல விலைப் படிகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்களாம். கீழ்ப்படியில் ஓர் இடம்தான் மிச்சம் என்றால், இரண்டு டிக்கெட் சேர்த்துக் கேட்கும்போது இரண்டுக்குமே மேல்படி விலை வந்துவிடும். “தனித்தனியா போடட்டுமா ஐயா?” என்று கேட்டு ஒன்றை 22,900க்கும் இன்னொன்றை 24,600க்கும் போட்டுக் கொடுத்தது. 1,700 ரூபாய் மிச்சம். உங்கள் கட்டுரையில் இல்லாத, உபயோகமான ஒரே விஷயம் அதுதான்.

விமானத்தில் என் பக்கத்து இருக்கை காலி. கோடிச் சேலைப் பையை அதில் வைத்துக்கொண்டுதான் போனேன். ஏன் காலியாக விடுகிறார்கள் என்பது வியாபாரியான எனக்குப் புரிகிறது. கடைசி நாளில் விலை இறங்கும் என்று தெரிந்தால் யாரும் முன்கூட்டி வாங்க மாட்டார்கள். கடைசி நாளில் வருகிறவன் எப்படியும் போய்த்தான் ஆக வேண்டியவன், கேட்டதைக் கொடுப்பான் என்பது அவர்கள் கணக்கு. கத்திரிக்காய் வாங்க வந்தவன் நாளைக்கு வரலாம். கேதத்துக்குப் போகிறவன் நாளைக்குப் போக முடியுமா?

கனடாவில் துக்கத்துக்குப் போகிறவர்களுக்கென்றே குறைந்த கட்டணம் வைத்திருக்கிற கம்பெனிகள் உண்டு. பாட்டி இறந்து பயணம் போன ஒருவருக்கு ஏர் கனடா இணையதளத்தின் பதில் சொல்லும் கருவி, அந்தச் சலுகையைப் பிறகும் கேட்டு வாங்கலாம் என்று தப்பாகச் சொல்லிவிட்டது. அது சொன்னதற்கும் கம்பெனிதான் பொறுப்பு, பணத்தைக் கொடு என்று 2024 பிப்ரவரியில் அங்கே தீர்ப்பாயம் உத்தரவிட்டது. ஒரு கருவி சொன்னதற்கே அப்படி என்றால், லட்சம் பேர் நம்பிப் படிக்கிற பத்திரிகை எத்தனை யோசித்துப் போட வேண்டும்?

எங்கள் அப்பச்சி ரஜூலா கப்பலில் மலாயா போய் வந்தவர்கள். தளத்தில் படுத்துக்கொண்டு போகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே கட்டணம், அவசரக்காரனுக்குத் தனி விலை கிடையாது என்று சொல்வார்கள். இன்றைக்கும் கட்டுப்படுத்த முடியாதது இல்லை. கொரோனா காலத்தில் 2020 மே முதல் 2022 ஆகஸ்ட் வரை உள்நாட்டுக் கட்டணத்துக்கு அரசு வரம்பு வைத்திருந்தது. 2025 டிசம்பரில் விமானங்கள் கூட்டமாக ரத்தானபோதும் 500 கிலோமீட்டருக்குள் 7,500 ரூபாய்தான் உச்சம் என்று போட்டது. இதைப் பற்றி எழுதுங்கள் ஐயா. செட்டிநாடு என்றால் வீடுகளின் தூணையும் கோழி வறுவலையும்தான் வருஷா வருஷம் போடுகிறீர்கள். இங்கே வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில். கால்நடைப் பண்ணைப் பக்கம் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் சும்மா கிடக்கிறது என்று நான் எழுதிய கடிதத்தை மூன்று வரியாக்கி, ஊர்ப் பெயரையும் தேவகோட்டை என்று மாற்றிப் போட்டீர்கள். அப்போது ஒன்றும் கேட்கவில்லை.

இப்போது கேட்பது ஒன்றுதான். அந்தப் பயணப் பக்கத்திலேயே ஒரு திருத்தம் போடுங்கள். கவுண்டரில் பேரம் கிடையாது. பத்துப் பேருக்கு மேல் சேர்ந்து போனால் குழுக் கட்டணம் பேசிப் பார்க்கலாம். ரத்து செய்த டிக்கெட்டிலும் வரியையும் விமான நிலையக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்பது நம் நாட்டு விதி. இவற்றைச் சேர்த்துப் போட்டால் நாலு பேருக்கு உதவும். இந்தக் கடிதத்தையும் சுருக்குவதாக இருந்தால் ஆச்சியைப் பற்றி எழுதியதை எடுத்துவிடுங்கள். அந்தப் பெண் சொன்ன தனித்தனி டிக்கெட் விவரத்தை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
பாத்திரக் கடை வியாபாரி,
காரைக்குடி (தேவகோட்டை அல்ல).