புள்ளி போன பக்கங்கள்

தண்டையார்பேட்டை,
ஞாயிறு காலை

அன்புள்ள மச்சான்,

நலம்தான். அம்மாவுக்கு முட்டி வலி கொஞ்சம் தேவலை. காசிமேட்டில் இன்று சங்கரா மலிவு, நீ இல்லாமலே சாப்பிட்டாயிற்று.

நீ கேட்ட ராயபுரம் ஸ்டேஷன் கட்டுரைகள், 1856-இல் அங்கிருந்து வாலாஜா ரோடு வரை முதல் வண்டி ஓடிய கதையெல்லாம், நான் இணையத்திலிருந்து இறக்கி வைத்திருந்தேன் இல்லையா? தேடி எடுத்தேன். பாதி எழுத்தைக் காணோம். பழி என் மேல்தான்.

அன்றைக்கு ஃபைலை எடிட்டரில், அதாவது எழுத்தைத் திருத்தும் மென்பொருளில், திறந்தபோது, தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ‘ஏ’, பக்கத்தில் வட்டத்துக்குள் ‘ஆர்’. வரிக்கு வரி அதே ஜோடி. எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட், அதாவது மூன்று எண். முதலாவது எப்போதும் 224, அடுத்தது 174 அல்லது 175. எடிட்டர் அதை ஆங்கிலம் போன்ற மொழிகளுக்கான பழைய விண்டோஸ்-1252 முறை என்று நினைத்தால் 224 அந்த ‘ஏ’, 174 அந்த ‘ஆர்’. அதாவது உள்ளே தமிழ் பத்திரமாகத்தான் இருந்திருக்கிறது.

பிரவுசரில் மட்டும் எப்படி ஒழுங்காகத் தெரிந்தது என்கிறாயா? பக்கத்தை அனுப்பும்போதே சர்வர் ‘இது யுடிஎஃப்-8’ என்று தனியாகச் சொல்லிவிடுகிறது. இறக்கிய ஃபைலில் அந்தச் சேதி இருக்காது. பக்கத்தின் தலைப்பகுதியிலும் அந்த விவரம் எழுதப்படவில்லை என்றால் எடிட்டர் குத்துமதிப்பாகத்தான் திறக்கும்.

சும்மா மூடியிருக்கலாம். நான் சேவ் செய்து தொலைத்தேன். 1252 அட்டவணையில் ஐந்து எண்களுக்கு எழுத்தே இல்லை, காலி. அதில் 141 நம் புள்ளியின் கடைசி பைட், 129 உகரக் கொம்பினுடையது. என் எடிட்டர் இரண்டுக்கும் ஒரே கேள்விக்குறியைப் போட்டு எழுதிவிட்டது. இப்போது திருப்பி மாற்றினால் ‘பால்’ என்பதும் ‘பாலு’ என்பதும் ஒன்றுபோல் நிற்கின்றன. நம்ம ஏரியாவில் பால் வாங்கப் போனாலும் பாலுதானே, எடிட்டரும் வடசென்னை போல! தமிழ் ‘ஏ’யும் ‘ஐ’யும் இதே கதிதான். சொல் சொல்லாகப் படித்து ஊகித்துத் திருத்திக்கொண்டிருக்கிறேன், கண் போகிறது.

உனக்கு இப்படி வந்தால் சேவ் பக்கமே போகாதே. விஎஸ் கோடு எடிட்டரில் கீழே வலது மூலையில் என்கோடிங், அதாவது எழுத்து முறையின் பெயர் இருக்கும். அதை அழுத்தி, ‘ரீஓப்பன்’ என்பதைத் தேர்ந்து யுடிஎஃப்-8 கொடு. நோட்பேட் பிளஸ் பிளஸ் என்றால் என்கோடிங் மெனுவில் மேலே உள்ளவற்றில் யுடிஎஃப்-8-ஐத் தேர்ந்தெடு. ‘கன்வர்ட்’ என்று தொடங்குபவை ஃபைலையே மாற்றிவிடும், அது வேறு வேலை.

அந்த ஜோடி இல்லாமல் வேறு மாதிரிக் குப்பை தெரிந்தால் அது பழைய தமிழ் எழுத்து முறைகளான திஸ்கியாகவோ, 1999-இல் தமிழக அரசு அறிவித்த டேப், டேம் ஆகவோ இருக்கலாம். எடிட்டரோடு மல்லுக்கட்டாதே. இவற்றை யுனிகோடுக்கு மாற்றும் என்.எச்.எம். கன்வர்ட்டர் என்ற மென்பொருளில் போட்டுப் பார்.

அப்புறம் ஒன்று. மாதவரத்துக்கு வீடு மாறும் முன் என் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு பென்டிரைவில் எல்லாவற்றையும் காப்பி எடுத்துக்கொண்டு போனாயே, ஞாபகம் இருக்கிறதா? நான் கெடுப்பதற்கு முந்தைய ஃபைல்கள் அதில்தான் இருக்க வேண்டும். கிடைத்தால் திறந்து பார்க்காமல் அப்படியே கொண்டுவா.

உன்,
பழைய கேரம் ஜோடி