சில்லறைப் பையை விட்டுவிட்டுப் போன மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இதை முதலில் வாட்ஸ்அப்பில்தான் அடிக்க ஆரம்பித்தேன், என் விரல் தடிமனுக்கு ஒரு எழுத்தைத் தொட்டால் இரண்டு எழுத்து விழுகிறது, அதனால் நோட்டில் எழுதித் தம்பியைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். போனில் சொல்லலாமே என்பாய். நான் சாப்பிட்டியா என்று கேட்டு முடிப்பதற்குள் அம்மா போனைப் பிடுங்கிவிடுகிறாள், அப்புறம் எனக்கு எங்கே பேச்சு.

நீ டீம் லீடு ஆனதை ஊரில் நான் சொல்லாத ஆள் பாக்கியில்லை. டீக்கடையில் பழைய கூட்டாளிகள், டீம் லீடுன்னா என்ன ஓய், கிளை மேலாளர் மாதிரியா என்று கேட்டார்கள். செக்கிங் இன்ஸ்பெக்டருக்கு மேலே என்று அடித்துவிட்டேன். தப்பாக இருந்தால் நீ வரும்போது திருத்திக்கொள்.

சரி, நான் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. போன வாரம் குற்றாலத்துக்கு டவுன் பஸ்ஸில் போனோமே, அதைப் பற்றித்தான். கார் பிடிப்போம் என்றாய், ஆச்சிதான் 2021-ல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை என்று ஆன நாளிலிருந்து காரில் ஏறுவதைப் பாவம் மாதிரி நினைக்கிறாளே. சாரல் சீசன், கால் வைக்க இடமில்லை, அந்தக் கண்டக்டர் பையனிடம் ஆளுக்கு ஆள் ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டுகிறார்கள். அந்த நோட்டுகள் என் முகத்துக்கு நேரே நீளுவது மாதிரி எனக்கு வயிறு கலங்கியது. நீ அவன் பக்கத்தில் வருவதற்கு முன்பே பையைத் திறந்து காசை எடுத்து, "லேடீஸ் மூணு, பாஸ் ஒண்ணு, டிக்கெட் ஒண்ணு, குற்றாலம்" என்று ஒரே மூச்சில் சொல்லித் தம்பிக்கான சில்லறையைச் சரியாக அவன் கையில் வைத்தாய். அவன் காசை எண்ணவில்லை, உன்னைத்தான் பார்த்தான். "அக்கா, கண்டக்டர் வீட்டுப் பிள்ளையா?" என்று கேட்டான். நீ முகவாயால் என்னைக் காட்டினாய்.

நான் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, கண்ணாடி முழுக்கச் சாரல்.

உனக்கு நினைவிருக்குமோ என்னவோ, இரண்டாம் வகுப்பு படிக்கும்போது என் தோல்பையிலிருந்து மூன்று ரூபாய் டிக்கெட் கட்டு ஒன்றை எடுத்துத் தெரு முழுக்க டிக்கெட் கிழித்தாய். விசிலும் என்னுடையதுதான். ஆச்சிக்குத் திண்ணையிலிருந்து அடுப்படிக்கு ஒரு டிக்கெட், பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டிக்குக்கூட ஒன்று. மொத்தம் 19. டிக்கெட் குறைந்தால் காசு கண்டக்டர் தலையில்தான், 57 ரூபாயைக் கைக்காசிலிருந்து கட்டினேன். அன்றைக்கு உன்னை அடித்தது கொஞ்சம் அதிகம்தான். மறுநாள் விடியற்காலை முதல் நடை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது என் பைக்குள் நான்கு ஒரு ரூபாய்க் காசு, மூன்று ஐம்பது பைசா கிடந்தன. உன் உண்டியல் காசு என்று தெரிந்தும் நான் எதுவும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. அதற்கும் நீ இன்றைக்குச் சரியான சில்லறை கொடுப்பதற்கும் முடிச்சுப் போடுவது என் கிறுக்காகக்கூட இருக்கலாம்.

அப்புறம் குற்றாலத்தில் நடந்த கூத்து. மெயின் அருவியில் பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் விழுகிறது, போலீஸ் யாரையும் கிட்டே விடவில்லை. வீட்டிலேயே நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்த நாம் ஐந்து பேரும் மண்டை பளபளக்க அப்படியே நின்றோம். தென்காசிக்காரனுக்கு இதைப் பார்த்துவிட்டுக் கிளம்பத் தெரியாதா என்று நானே என்னைத் திட்டிக்கொண்டேன். நீ தூக்குவாளியைத் திறந்து சாரலிலேயே கூட்டாஞ்சோற்றைப் போட ஆரம்பித்துவிட்டாய். ஆச்சிக்கு முருங்கைக்கீரை பல்லிடுக்கில் சிக்கும் என்று ஒவ்வொரு இலையாக ஒதுக்கி வைத்தாய், கூழ் வத்தலைக் குரங்கு தூக்கிக்கொண்டு போனதைக்கூட நீ பார்க்கவில்லை. அம்மா என்னை இடித்து உன்னைப் பார்க்கச் சொன்னாள். நான் எப்போதோ பார்க்க ஆரம்பித்திருந்தேன். வீட்டுக்கு வந்து பம்புத் தண்ணீரில் தலைக்குக் குளித்ததை வெளியே சொல்லாதே, மானம் போய்விடும்.

உன்னைப் பொதிகை எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்டு வந்த பிறகுதான் பார்த்தேன், அந்தச் சிவப்புச் சில்லறைப் பை டிவி மேலேயே இருக்கிறது. எண்ணினேன். 86 ரூபாய். கண்டக்டர் கணக்குச் சீட்டான வே பில் எழுதுகிற மாதிரி பத்து, ஐந்து, இரண்டு, ஒன்று என்று பிரித்து ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டு உள்ளே வைத்திருக்கிறேன். நேற்று தம்பி டீ குடிக்க அதிலிருந்து பத்து ரூபாய்க் காசு ஒன்றை எடுத்துவிட்டான். அதை அவனிடமே வசூல் பண்ணிக்கொள்.

அப்பா