மரம்போல நிற்பவரை நட்டது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் சிறு பட்ஜெட் படங்களைப் பற்றிய கட்டுரையில் ஒரு வரி: “நாயகனும் ஒளிப்பதிவும் தூக்கி நிறுத்திய படத்தைத் துணை நடிகர்கள் மரம்போல நின்று கவிழ்த்துவிட்டார்கள். பட்ஜெட் அப்படி, என்ன செய்வது?” மன்னித்த பெருந்தன்மைக்கு நன்றி. படம் எப்படி எடுக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் இந்த வரி உங்கள் பேனாவைத் தாண்டி அச்சேறியதுதான் உறுத்துகிறது.

மரம்போல நின்றார் சரி, அவரை அங்கே நட்டது யார்?

சின்னப் படத்தில் துணை வேடத்துக்கு வருபவர் கைக்கு முழு ஸ்கிரிப்ட் போவதில்லை. அவர் வசனம் இருக்கிற ஒரு தாள் போகும், அதுவும் படப்பிடிப்பன்று காலையில். எதிரே நிற்பவர் தனக்கு மகனா மருமகனா என்பதையே உதவி இயக்குநரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்வார். இந்த நிலையில் இருப்பவர் எதிராளி பேசுவதை எங்கே கேட்பது? தன் வசனத்தை மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருப்பார், முகம் செத்துக் கிடக்கும். எதிராளி நிறுத்தியதும் அரை நொடி இடைவெளி விட்டுத் தன் வரியைச் சொல்வார். நொடிக்கு 24 பிரேம் என்றால் அந்த அரை நொடி 12 பிரேம். இப்படி 20 வசனம் வந்தால் ஒரே காட்சியில் 10 நொடி வெற்று மௌனம். ‘நடிப்பு சுமார்’ என்று உங்கள் விமர்சகர் எழுதுவதில் பெரும்பங்கு இந்த மௌனத்துக்குச் சேர வேண்டியது.

எடிட்டிங்கில் இதைச் சுருக்க முடியும், வெட்டிப் போக வேறு ஷாட் இருந்தால். இருவரையும் ஒரே பிரேமில் வைத்து மாஸ்டர் (காட்சி முழுவதையும் அடக்கும் ஷாட்) மட்டும் எடுத்துவிட்டு, நேரமில்லை என்று அடுத்த காட்சிக்குப் போயிருந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை. துணை நடிகர் பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கும் ஷாட் ஒரு 30 நொடி இருந்தாலே முக்கால்வாசிக் காட்சியைக் காப்பாற்றலாம். லைட் ஏற்கெனவே போட்டாயிற்று, கேமராவும் அங்கேயே நிற்கிறது. அந்த 30 நொடியை எடுக்க எந்த பட்ஜெட் தடுத்தது?

எடுக்கும் வரிசையையும் பாருங்கள். முதலில் மாஸ்டர், பிறகு நாயகனின் சஜஷன் (எதிரே இருப்பவரின் தோளுக்கு மேலாக எடுக்கும் ஷாட்), அவருடைய குளோஸ்-அப், அதில் நாலைந்து ‘ஒன் மோர்’. வெளிச்சம் இறங்குகிற நேரத்தில், “அண்ணே, உங்க குளோஸ் ஒண்ணு பாக்கி” என்று துணை நடிகரைக் கூப்பிடுவார்கள். அதற்குள் நாயகன் கிளம்பியிருப்பார். அவர் வசனத்தை உதவி இயக்குநர் ஓரமாக நின்று ரேஷன் கார்டு வாசிப்பதுபோல வாசிப்பார். அழ வேண்டிய நடிகர் அதைக் கேட்டுத்தான் அழ வேண்டும். லுக்கும், அதாவது பார்வை போகும் திசையும், தவறிப்போகும். வாசிப்பவர் நாயகனைவிட ஒரு சாண் உயரம், லென்ஸை விட்டு மூன்றடி தள்ளி நிற்கிறார் என்றால், இரண்டு ஷாட்டையும் ஒட்டிப் பார்க்கும்போது நாயகன் இவரைப் பார்த்துப் பேசுவார், இவர் ஜன்னலைப் பார்த்துப் பதில் சொல்வார். லென்ஸுக்குப் பக்கத்தில் சரியான உயரத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிக் காட்டினால் தீர்கிற பிரச்சினை இது. அனுபவம் குறைந்தவரின் குளோஸ்-அப்பைக் களைப்பதற்கு முன் முதலில் எடுத்து, நாயகனைப் பத்து நிமிடம் கேமராவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தால் இன்னும் நல்லது. ஆனால் அதை நாயகனிடம் யார் போய்ச் சொல்வது?

டப்பிங்கைப் பற்றி உங்கள் இதழ் பேசியதாகவே நினைவில்லை. சொந்தக் குரலில் சுமாராகப் பேசியவருக்கு வேறொருவர் குரல் கொடுக்கிறார். ஒரே ஆள் அதே அமர்வில் மாமா, டாக்டர், போலீஸ்காரர் மூவருக்கும் பேசிவிட்டுப் போவார். மைக்குக்கு அரையடியில் பதிந்த குரல், பத்தடி தள்ளி நிற்கிறவர் வாயில் வரும். முகமும் குரலும் ஒட்டாததைப் பார்த்து நாம் முகத்தைத் திட்டுகிறோம். 1992-இல் வெளிவந்த, இயக்குநர் ராபர்ட் ரோட்ரிகஸின் ‘எல் மரியாச்சி’ சுமார் 7,000 டாலரில் எடுத்த படம், நடித்தவர்களில் பெரும்பாலோர் தொழில்முறை நடிகர்கள் அல்லர். படம்பிடிக்கும்போது ஒலிப்பதிவு கிடையாது. ஷாட் முடிந்த கையோடு அவர்களையே திரும்பப் பேசவைத்து டேப்பில் பதிந்துகொண்டார், உதடு பொருந்தாத இடத்தில் வேறு ஷாட்டுக்கு வெட்டிப் போனார். இதைவிடவா நம் ஆட்களுக்குப் பணமுடை?

எழுத்தாளருக்கும் இதில் பங்குண்டு. “உங்கப்பா இறந்து அஞ்சு வருஷம் ஆச்சு, இந்த வீட்டையும் அடமானம் வச்சாச்சு, தங்கச்சி கல்யாணமும் நிக்குது” என்று தகவல் மூட்டையைச் சித்தி தலையில் ஏற்றினால் எந்த நடிகை பேசினாலும் அறிவிப்பாகத்தான் கேட்கும். அந்தச் சித்தி கையில் மடிக்க நாலு துணியைக் கொடுத்து, வரியைப் பாதியாக வெட்டிப் பாருங்கள். கைக்கு வேலை வந்ததும் குரல் இறங்கும். எந்தச் சொல்லில் எந்தத் துணியை மடிக்கிறார் என்று குறித்துக்கொள்ளாவிட்டால் கன்டின்யூட்டி (ஷாட்டுக்கு ஷாட் தொடர்ச்சி) உதைக்கும், அவ்வளவுதான்.

ஒத்திகைக்கு நேரமில்லை என்பார்கள். 1957-இல் வந்த ‘ட்வெல்வ் ஆங்ரி மென்’ படமும் சிக்கனமாக எடுத்ததுதான். இயக்குநர் சிட்னி லூமெட் இரண்டு வாரம் ஒத்திகை பார்த்துவிட்டு, சுமார் மூன்று வாரத்தில் எடுத்து முடித்தார். ஒத்திகைக்குக் கேமரா வாடகை இல்லை, ஜெனரேட்டர் இல்லை. நாலு நாற்காலி போதும். வெப் சீரிஸ்காரர்கள் ஒரே நாளில் எட்டுப் பக்கம் எடுக்கத் திணறும்போது இதை நினைத்துக்கொள்ளலாம்.

துணை நடிகர் என்றால் என்றைக்குமே இளப்பம்தான். ஆஸ்கரில் அவர்களுக்குப் பரிசு தொடங்கியதே 1936-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து. அப்போதும் நாயகனுக்குச் சிலை, இவர்களுக்குப் பலகை. 1943-ஆம் ஆண்டுப் படங்களுக்கான விழாவில்தான் முழுச் சிலை கையில் கிடைத்தது. உங்கள் இதழில் அந்தப் பலகைகூட இல்லை. அதே கட்டுரையில் நாயகன் பெயர் ஏழு இடத்தில் வருகிறது, ‘கவிழ்த்தவர்கள்’ ஒருவர் பெயரும் இல்லை. படத்துக்குக் கீழே ‘நாயகனுடன் சக நடிகர்’ என்று போட்டிருந்தீர்கள். திட்டுவதற்காவது பெயர் வேண்டாமா?

விமர்சனத்துக்கு மேலே பெட்டி கட்டிப் போடும் விவரத்தில் துணை நடிகர்கள் நால்வரின் பெயரையும், குரல் கொடுத்தவர் வேறு என்றால் அவர் பெயரையும் சேர்த்து வெளியிடுங்கள். இரண்டு வரி இடம். இடம் போதாவிட்டால் நட்சத்திர மதிப்பெண்ணை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத படத்தொகுப்பாளர்