தரங்கம்பாடிக்கு ஒரு மணி நேரம் போதுமா?

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு தங்கள் நாளிதழுடன் வந்த சுற்றுலா இணைப்பில் எங்கள் தரங்கம்பாடிக்கும் பத்து வரி ஒதுக்கியிருந்தீர்கள். அதற்கு முதலில் நன்றி. அந்தப் பத்து வரிகளும், “கோட்டையைப் பார்த்து, ஓசோன் காற்றைச் சுவாசித்துவிட்டு, ஒரு மணி நேரத்தில் திருக்கடையூருக்கோ காரைக்காலுக்கோ புறப்பட்டுவிடலாம்” என்று முடிகின்றன. எழுதியவர் அவ்வாறே புறப்பட்டுப் போயிருக்கிறார் என்பதற்கு அதற்கு முந்தைய வரிகளே சாட்சி.

ஓசோனிலிருந்தே தொடங்குகிறேன். எங்கள் கடற்கரையில் ஓசோன் மிகுந்த காற்று வீசுகிறது என்ற கதையை ஒருவர் எழுதியதைப் பார்த்து மற்றொருவர் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். ஓசோன் படலம் நமக்கு நன்மை செய்வது பல கிலோமீட்டர் உயரத்தில். மூக்கருகே வந்தால் அது நுரையீரலை அரிக்கும் மாசு என்பது தங்கள் அறிவியல் பகுதியிலேயே வந்திருக்கக்கூடிய செய்தி. அந்தக் கதை உண்மையாக இருந்திருந்தால் கரையோர மீனவக் குடும்பங்கள் எல்லாம் மருத்துவமனையில்தான் குடியிருந்திருக்கும். நல்ல கடற்காற்று என்று எழுதியிருந்தால் ஊருக்கு என்ன குறை வந்துவிடும்?

கோட்டையைப் பார்க்கலாம் என்று எழுதியவர், உள்ளே இருக்கும் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை எழுதவில்லை. அதன் விளைவை அனுபவித்தவன் நான். இணைப்பு வெளிவந்த அதே வாரம், திருக்கடையூரில் பெரியவர் ஒருவருக்குச் சஷ்டியப்தபூர்த்தி முடித்துக்கொண்டு, மாலையும் கழுத்துமாக ஒரு குடும்பம் வேனில் வந்து இறங்கியது. அன்று வெள்ளிக்கிழமை. பூட்டிய கதவின் முன் நின்றுவிட்டுத் திரும்பியவர்களில் பெரியவரின் தாயார், எண்பது கடந்தவர், என் வீட்டு வாசலில் நின்று, “தம்பி, கழிவறை எங்கே இருக்கிறது?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். கொல்லைப்புறத்துக்கு அழைத்துச் சென்று காட்டினேன், வேறென்ன செய்ய? அந்த அம்மையாருக்குப் பின்னால் வேனில் வந்த பெண்கள் அனைவரும் வரிசையாக வந்தார்கள். இது எங்கள் தெருவுக்குப் புதிதன்று. வருபவர்கள் சிரமமின்றி ஒதுங்க ஓர் இடம் வேண்டும் என்று தங்கள் இதழுக்கே முன்பு எழுதியிருக்கிறேன். அந்தக் கடிதம் வெளிவந்ததாக நினைவில்லை. திண்ணையில் அமர்ந்திருந்த அந்தக் குடும்பத்தார் கையில் தங்கள் இணைப்பு இருந்தது. “ஒரு மணி நேரம் போதும் என்று போட்டிருக்கிறார்களே” என்று பெரியவரின் மகன் அதைக் காட்டினார். வெயில் தாழட்டும் என்று உட்காரவைத்து, நானே அவர்களை அழைத்துப் போனேன்.

1792 என்று பொறித்த நகர வாயிலிலிருந்து ராஜ வீதி வழியாக நடந்தாலே ஒரு மணி நேரம் ஆகும். 1701இல் கட்டிய சீயோன் தேவாலயமும், 1718இல் திறக்கப்பட்ட புதிய எருசலேம் தேவாலயமும் அந்த வீதியில்தான் இருக்கின்றன. பின்னதைக் கட்டிய ஜெர்மானிய சமயப் போதகர் சீகன்பால்கு மறு ஆண்டே இறந்து, அதற்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். தங்கள் இணைப்பில் புதிய எருசலேம் என்று குறிப்பிட்டு வெளியான படம் சீயோன் தேவாலயத்தின் படம். “இந்தியாவின் முதல் அச்சுக்கூடம்” என்ற பட்டத்தையும் எங்களுக்குச் சூட்டியிருக்கிறீர்கள். கோவாவில் 1556இலேயே அச்சுக்கூடம் வந்துவிட்டது என்பதும், கொல்லத்தில் 1578இல் தம்பிரான் வணக்கம் என்ற நூல் தமிழிலேயே அச்சேறிவிட்டது என்பதும் தாங்கள் அறியாததல்ல. அடுத்தவர் பெருமையை எடுத்து எங்களுக்குப் போர்த்த வேண்டிய அவசியம் என்ன? 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் இங்கே அச்சானது. அச்சுக்குக் காகிதம் போதாமல் அருகே பொறையாற்றில் காகிதப் பட்டறையும் வைத்தார்கள். அந்த இடத்துக்கு இன்றும் கடுதாசிப்பட்டறை என்றே பெயர். அதைக் காட்ட ஒரு பலகைகூட என் கண்ணில் பட்டதில்லை.

கோட்டை பற்றி எழுதியதும் பாதிதான். 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் உரிமை பெற்று டேனிஷ்காரர்கள் அதைக் கட்டினார்கள். நாயக்கர் டென்மார்க் மன்னருக்கு அனுப்பிய தங்க ஓலை இன்று கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 1845இல் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். ஆனால் அந்தக் கோட்டைக்கு முந்நூறு ஆண்டு முந்தியது, மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்து மாசிலாமணிநாதர் கோயில். முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அலையைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்களுக்குப் பின்னால் எஞ்சியது நிற்கிறது. கோட்டையிலிருந்து பார்த்தாலே தெரியும் அந்தக் கோயிலுக்குத் தங்கள் கட்டுரையாளர் அரை வரிகூடத் தரவில்லை.

தில்லையாடியும் அருகில்தான் இருக்கிறது. தென்னாப்பிரிக்கப் போராட்டத்தில் சிறை சென்று, நோயுற்று, 1914இல் பதினாறு வயதில் இறந்த வள்ளியம்மையின் முன்னோர் ஊர் அது. காந்தியடிகள் 1915இல் அதைத் தேடி வந்தார். அவருக்கு நேரம் இருந்திருக்கிறது. காரைக்கால் அம்மையாரை வணங்கப் போகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. மற்றபடி காரைக்காலுக்கு விரைபவர்கள் எதற்காக விரைகிறார்கள் என்பதை எல்லை தாண்டியதும் தென்படும் கடைகளே சொல்லும். அதற்கு ஒரு சுற்றுலா இணைப்பு வழிகாட்ட வேண்டியதில்லை.

“மயிலாடுதுறை வரை ரயிலில் வந்து, பிறகு பேருந்தில் வரலாம்” என்றும் எழுதியிருந்தது. மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கே 1986 வரை ரயில் வந்துகொண்டிருந்தது. அந்தப் பாதையை மீண்டும் அமைக்கக் கோரி ஊரே மனு எழுதி ஓய்ந்துவிட்டது. பேருந்தில் வரச்சொல்லும் தாங்கள், மாலை நேரத்தில் எங்கள் நிறுத்தத்தில் நின்று, நிரம்பி வழிந்து நிற்காமலே போகும் பேருந்துகளை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ரயிலையோ கடல் கொண்ட மண்டபத்தையோ தங்களிடம் கேட்கவில்லை. வரும் ஞாயிறு இணைப்பில், வெள்ளிக்கிழமை அருங்காட்சியகம் இல்லை என்பதையும், படத்தில் இருப்பது சீயோன் தேவாலயம் என்பதையும் திருத்தமாக வெளியிடுங்கள். கூடவே, ‘ஒரு மணி நேரம்’ என்பதை ‘ஒரு நாள்’ என்று மாற்றிவிடுங்கள். தங்கள் இணைப்பில் எங்களுக்கு இடம் குறைவு என்பது தெரியும். இந்தத் திருத்தத்தால் ஒரு சொல் மிச்சமாகும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
தரங்கம்பாடி.