கணினிப் போர் ஆட்டத்தில் பிடித்த நகரம் கையில் நிற்கவில்லை: பணத்தைத் திருப்பித் தரக் கோரும் புகார்

அனுப்புநர்: உங்கள் வாடிக்கையாளர், அல்சூர், பெங்களூரு
பெறுநர்: குறைதீர்ப்பு அலுவலர், எச்.எஸ்.ஆர். லேஅவுட் அலுவலகம், பெங்களூரு

பொருள்: சேவ் செய்த ஆட்டத்தைத் திறந்ததும் கவர்னரின் லாயல்டி கணக்கில் வராமல் போவது, ரூ. 4,798 திரும்பக் கோருவது

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். இந்த ஒரே கோளாறுக்காக நான் எழுதுவது இது ஆறாவது முறை. இடையில் ஒருநாள் நேரிலும் வந்து போனேன். தமிழிலும் உதவி கிடைக்கும் என்று நீங்களே விளம்பரம் செய்திருப்பதால் தமிழிலேயே எழுதுகிறேன்.

ஆட்டம் உங்களுடையது, விளக்கம் தேவைப்படாது. சென்ற மாத அப்டேட்டுக்குப் பிறகு, போரில் பிடித்த நகரத்தில் கவர்னரை (நகரத்தைக் கவனிக்க நாம் அமர்த்தும் ஆளை) உட்கார வைத்து, சேவ் செய்து மூடிவிட்டு மறுபடி லோட் செய்தால் அவர் தரும் +8 லாயல்டி (நகரம் நம்மோடு எவ்வளவு ஒட்டி நிற்கிறது என்ற புள்ளி) கூட்டலில் சேருவதில்லை. நகரப் பலகையில் மட்டும் +8 அப்படியே நிற்கிறது. பார்ப்பவன் எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதான் நினைப்பான்.

உங்கள் டெக்னிக்கல் குழு செய்து பார்க்க வசதியாக எண்களோடு தருகிறேன். 143-வது டர்ன். எதிரியின் தலைநகரம், மதில் உண்டு. அறுகோணக் கட்டம் என்பதால் ஆறு பக்கமும் அடைத்து முற்றுகை போட்டேன். ஒரு பக்கம் திறந்திருந்தாலும் நகரம் டர்னுக்கு டர்ன் தேறிக்கொள்ளும். மூன்று கேட்டபல்ட் (கல்லெறியும் பொறி) இரண்டு கட்டம் தள்ளி, வாள்வீரர் இருவர் மதிலை ஒட்டி, அவர்களோடு மதிலை இடிக்க ஒரு பேட்டரிங் ராம். மதில் விழ 11 டர்ன். கேட்டபல்ட்டால் நகரத்தை அடிக்கலாம், பிடிக்க முடியாது என்பதால் வாள்வீரனை உள்ளே விட்டுப் பிடித்தேன். லாயல்டி 50-ல் தொடங்கியது. எதிரி நகரங்களின் அழுத்தம் −9, பக்கத்திலுள்ள என் இரண்டு நகரங்கள் +3, நகரத்தில் கட்டிய மான்யுமெண்ட் (நினைவுச் சின்னம்) +1, கவர்னர் +8. மொத்தம் +3. ஆக்கிரமிப்புக்கான −5 காவல் படை உள்ளே நிற்பதால் ரத்து. 53, பிறகு 56. இதுவரை சரி.

இங்கே சேவ் செய்து, மூடி, லோட் செய்யுங்கள். அடுத்த டர்ன் 51. அதற்கடுத்து 46. பலகை +3 என்கிறது, எண் ஐந்தைந்தாக இறங்குகிறது. லோட் செய்ததிலிருந்து 12-வது டர்னில் பூஜ்யம். நகரம் கிளர்ந்து தனி நகரமாகிவிடுகிறது, என் வாள்வீரன் வெளியே தள்ளப்படுகிறான், அங்கேயே முளைக்கும் கலகப் படை முதல் வேலையாக கேட்டபல்ட்டுகளை அடிக்கிறது.

விடுபடுவது கவர்னர் மட்டும்தான் என்பது கணக்கிலேயே தெரிகிறது. காவல் படை விடுபட்டிருந்தால் −2 வந்திருக்கும், இரண்டும் விடுபட்டிருந்தால் −10. வருவது சரியாக −5. அவரைத் தூக்கி மறுபடி அதே நகரத்தில் போட்டால் கணக்கு திருந்துகிறது. ஆனால் அவர் போய் உட்கார 5 டர்ன் ஆகும், அதற்குள் 56 என்பது 31 ஆகிவிடும். ஒவ்வொரு தடவை லோட் செய்யும்போதும் இதே கதை. ஒரே மூச்சில் ஆடி முடிப்பவர் கண்ணில் இது படவே படாது. உங்கள் சோதனைக் குழு அப்படித்தான் பார்த்திருக்கும் என்று நினைக்கிறேன். வேலைக்குப் போகிறவன் ஒரு ஆட்டத்தைப் பத்து நாளாகத்தான் ஆடுவான்.

இவ்வளவையும் உங்கள் சாட்டில் வந்த மூன்றாவது ஏஜெண்டிடம் சொன்னேன். முதலாமவர் கிராபிக்ஸ் டிரைவரை அப்டேட் செய்யச் சொன்னார், இரண்டாமவர் நகரத்துக்குள் ஒரு படையை நிறுத்துங்கள் என்றார், போகட்டும். மூன்றாமவர் எழுதியது இது: "பிடிச்சு வெச்சுக்க முடியலைன்னா எரிச்சுட்டுப் போங்க சார். இல்லாட்டி ஈஸி லெவல்ல ஆடுங்க." உடனே சாட்டை மூடிவிட்டு, சேவைக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டார். தலைநகரத்தை எரிக்க முடியாது என்பது உங்கள் ஆட்டத்தின் விதி! போர் வெற்றிக்கு எல்லாத் தலைநகரங்களும் கையில் இருக்க வேண்டும் என்பதும் உங்கள் விதி. இதுகூடத் தெரியாத ஒருவரை வாடிக்கையாளர் முன்னால் எப்படி உட்கார வைக்கிறீர்கள்?

கோட்டையை வளைப்பவனுக்கு உழிஞை, உள்ளே நின்று காப்பவனுக்கு நொச்சி என்று தமிழில் தனித்தனிப் பூவே உண்டு. இந்த வகை ஆட்டத்தின் உயிரே அந்த இரண்டாவது பாதியில்தான் இருக்கிறது. 2010-ல் வந்த சிவிலைசேஷன் 5 என்ற ஆட்டத்தில் பிடித்த நகரத்தைச் சேர்த்துக்கொண்டு, அதன் அதிருப்தியைத் தணிக்க கோர்ட்ஹவுஸ் கட்டலாம், அல்லது நாம் நேரடியாக நடத்தாத பப்பெட்டாக (பொம்மை நகரமாக) விடலாம். 2018 பிப்ரவரியில் சிவிலைசேஷன் 6-க்கு ரைஸ் அண்ட் ஃபால் என்ற கூடுதல் தொகுப்பு வந்தபோது 0 முதல் 100 வரை லாயல்டி, 9 கட்டத்துக்குள் இருக்கும் மக்கள்தொகையின் இழுப்பு, கவர்னருக்கு +8 என்று கணக்கு வந்தது. நீங்கள் அந்த வழியில் போனது தப்பில்லை. ஆனால் உங்கள் ஆட்டத்தில் பப்பெட்டும் இல்லை, கோர்ட்ஹவுஸும் இல்லை. எல்லையோர நகரத்துக்கு இருக்கும் ஒரே பிடிமானம் கவர்னர். அதையே பிடுங்கிவிட்டீர்கள்.

நேரில் வந்த கதையைச் சொல்ல வேண்டும். அரை நாள் லீவு போட்டு, சேவ் ஃபைலோடு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அல்சூரிலிருந்து உங்கள் அலுவலகம் வந்தேன். சில்க் போர்டு சிக்னலிலேயே முக்கால் மணி நேரம் போனது. ஆட்டோவுக்குப் போக வர 620 ரூபாய். வாசலில் 50 நிமிடம் நிற்க வைத்தார்கள். கீழே வந்தவர், "ஆப்ல டிக்கெட் போடுங்க" என்றார். போட்டுத்தான் வந்திருக்கிறேன் என்று மூன்று புகார் எண்களையும் காட்டினேன். லேப்டாப்பைத் திறக்கவே விடவில்லை.

வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கு மேல் ஆடாமல் இருந்தால்தான் பணம் திரும்பும் என்கிறீர்கள். முதல் 2 மணி நேரத்தில் 40 டர்ன்கூடத் தாண்டாது, எதிரிக்கு மதிலே எழும்பியிருக்காது. உலை கொதிக்கும் முன்னே சோறு வெந்ததா என்று சொல்லச் சொன்னால் எப்படி? மேலும் நான் வாங்கியபோது ஆட்டம் சரியாகவே ஓடியது. கெடுத்தது உங்கள் அப்டேட்.

தயவுசெய்து 15 நாளுக்குள் ஆட்டம் ரூ. 3,499, கூடுதல் தொகுப்பு ரூ. 1,299 இரண்டையும் திருப்பித் தாருங்கள், அல்லது பழைய பதிப்புக்குத் திரும்ப வழி செய்யுங்கள். சரிசெய்கிறோம் என்று தேதியோடு எழுதிக் கொடுத்தாலும் சந்தோஷமாகக் காத்திருப்பேன். இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போவேன். 2020-ன் இ-காமர்ஸ் விதிப்படி புகார் கிடைத்ததை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. அங்கே 4,798-ஐ மட்டும் கேட்க மாட்டேன். பாழான 96 மணி நேரம், லீவு, மன உளைச்சல் எல்லாம் சேர்த்து ஒரு லட்சம் கேட்பேன். ஒரு மழைக்காலத்து ஞாயிறுகள் அத்தனையும் இதில் போய்விட்டன. அந்த சாட்டின் ஸ்கிரீன்ஷாட்டையும் அங்கே வைப்பேன். எரித்துவிட்டுப் போகச் சொன்னவரிடமிருந்து ஒரு மன்னிப்பும் வேண்டும்.

இரண்டு சேவ் ஃபைல்களை இணைத்திருக்கிறேன். முதலாவது லோட் செய்வதற்கு முந்தைய டர்னில் எடுத்தது, இரண்டாவது ஒரு டர்ன் கழித்து எடுத்தது. முதலாவதைத் திறந்து, நகரப் பலகையில் +3 இருப்பதைப் பார்த்துக்கொண்டு, அடுத்த டர்ன் பட்டனை ஒரே ஒரு முறை அழுத்துங்கள்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்க்கும்
வாடிக்கையாளர்