ஒப்பீட்டு எலிகள்: பேராசிரியர் ஜாக் மில்லர் அவர்களுக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கும் ஆசிரியன் நான். நோய் எதிர்ப்பு செல்களில் ஒரு வகையான டி செல்கள், மார்பெலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் என்ற உறுப்பில் உருப்பெறுகின்றன. ‘டி செல்கள் தைமஸில் முதிர்ச்சியடைகின்றன’ என்று பாடநூல் ஒரே வரியில் முடித்துவிடும் இச்செய்தியை விளக்கும்போது, அந்த முடிவைவிட உங்கள் ஒப்பீட்டு எலிகளுக்கே, அதாவது வைரஸ் செலுத்தாமல் ஒப்பிடுவதற்காக நீங்கள் வைத்திருந்த எலிகளுக்கே, வகுப்பில் அதிக நேரம் ஒதுக்குகிறேன். இக்கடிதமும் அவற்றைப் பற்றியதுதான்.

சிட்னியில் மருத்துவம் படித்துவிட்டு 1958இல் லண்டனின் செஸ்டர் பீட்டி ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தபோது நீங்கள் எடுத்துக்கொண்ட கேள்வி, எலிகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோயைப் பற்றியது. நோய் எதிர்ப்பைப் பற்றியது அன்று. பிறந்த குட்டிக்குள் செலுத்தப்படும் கிராஸ் வைரஸ் உண்டாக்கும் அந்தப் புற்றுநோய் தைமஸில் தொடங்குகிறது என்பதும், ஒரு மாத வயதில் தைமஸை எடுத்துவிட்டால் நோய் வருவதில்லை என்பதும் அப்போதே தெரிந்திருந்தன. அப்படி எடுத்த எலிகளுக்குச் சில மாதங்கள் கழித்து வேறொரு தைமஸைப் பொருத்தினீர்கள், நோய் வந்தது. அப்படியானால் வைரஸ் உடலில் வேறெங்கோ தங்கியிருந்திருக்கிறது. அது பெருகுவதற்குத் தொடக்கத்திலேனும் தைமஸ் தேவையா என்று அறிய, வைரஸைச் செலுத்தும் முன்பே, பிறந்தவுடன் அந்த உறுப்பை அகற்ற வேண்டியிருந்தது. ஏறத்தாழ ஒரு கிராம் எடையுள்ள குட்டியின் மார்பைத் திறந்து செய்யும் அறுவை அது.

அக்குட்டிகள் தாய்ப்பால் மறக்கும்வரை நன்றாகவே வளர்ந்தன. பிறகு மெலிந்து, பல இறந்தன. வைரஸ் செலுத்தப்படாத ஒப்பீட்டு எலிகளும் அவ்வாறே இறந்தன என்பதுதான் செய்தி. அறுவையின் கோளாறு என்று ஒதுக்கிவிட்டு மூலக் கேள்விக்குத் திரும்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நீங்களோ அவற்றின் இரத்தத்தையும் நிணநீர்த் திசுக்களையும் ஆராய்ந்து, நிணநீர் செல்கள் மிகக் குறைந்திருப்பதைக் கண்டீர்கள். வேற்றின எலிகளின் தோலை ஒட்டிப் பார்த்தீர்கள். அவை அதை ஏற்றுக்கொண்டன. வேறொரு விலங்கான பெரிய எலியின் தோலைக்கூட நிராகரிக்கவில்லை. 1961இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான கட்டுரையின் உயிர்நாடி அதுவே. வளர்ந்த விலங்கில் தைமஸை எடுத்தவர்கள் எதையும் காணாமல் போனதற்குக் காரணமும் இதிலிருந்தே விளங்குகிறது: அதற்குள் நெடுநாள் வாழும் செல்கள் அங்கிருந்து உடலெங்கும் பரவிவிடுகின்றன.

உடனே எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. தோல் ஒட்டுகளை ஆராய்ந்து நோபல் பரிசு பெற்ற பீட்டர் மெடாவரே, தைமஸில் நிணநீர் செல்கள் காணப்படுவதைப் பெரிய முக்கியத்துவம் இல்லாத ஒரு பரிணாம விபத்தாகத்தான் நாம் கருதப்போகிறோம் என்று 1963இல் எழுதினார். குதிரை லாயமாக இருந்த கட்டடத்தில் வளர்க்கப்பட்ட உங்கள் எலிகளுக்கு ஏதோ தொற்று இருந்திருக்கும் என்றும் சிலர் ஐயுற்றார்கள். அது நியாயமான ஐயம் என்றே எனக்குத் தோன்றுகிறது. அதற்கு நீங்கள் சொற்களால் பதில் கூறாமல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்திற்குச் சென்று, கிருமியே அண்டாத சூழலில் வளர்ந்த எலிகளில் அதே அறுவையைச் செய்தீர்கள். அவை மெலியவில்லை, ஆனால் அந்நியத் தோலை நிராகரிக்கவும் இல்லை. மெலிவும் நோய் எதிர்ப்புக் குறையும் ஒன்றல்ல என்பது அங்கே தனித்துத் தெரிந்தது.

1966இல் மெல்போர்னின் வால்டர் அண்ட் எலைசா ஹால் நிறுவனத்தில் சேர்ந்தபின், மாணவர் கிரஹாம் மிட்செல்லுடன் சேர்ந்து, எதிர்ப்பொருளை உருவாக்குபவை எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் செல்கள், அவற்றுக்குத் துணைநிற்பவை தைமஸிலிருந்து வருபவை என்று 1968இல் நிறுவினீர்கள். இன்றைய நோய் எதிர்ப்பியல் முழுவதும் இந்தப் பாகுபாட்டின்மேல்தான் நிற்கிறது. 2019இல் நோய் எதிர்ப்பியல் ஆய்வாளர் மேக்ஸ் கூப்பருடன் உங்களுக்கு அமெரிக்காவின் உயர்ந்த மருத்துவ ஆய்வு விருதான லாஸ்கர் விருது கிடைத்தது; நோபல் பரிசு வழங்கும் ஸ்டாக்ஹோமின் மௌனம் எனக்கு இன்னும் புரியவில்லை.

வயதுவந்தோருக்குத் தைமஸ் தேவையற்றது என்று மாணவர்கள் இப்போதும் சொல்வதுண்டு. இதய அறுவையின்போது வழியில் இருக்கிறது என்பதற்காகவே அது அகற்றப்படுவதும் உண்டு. 2023இல் பாஸ்டன் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், தைமஸ் அகற்றப்பட்ட வயதுவந்தோரில் ஐந்து ஆண்டுகளுக்குள் இறந்தவர்கள் 8.1 சதவீதம், அகற்றப்படாமல் இதய அறுவை செய்துகொண்டவர்களில் அது 2.8 சதவீதம். தைமஸ் நீக்கப்பட்ட வளர்ந்த எலிகளை, ஏற்கெனவே உள்ள செல்களை அழிக்கும் கதிர்வீச்சுக்கு உட்படுத்தினால் அவற்றின் எதிர்ப்பாற்றல் மீள்வதில்லை என்று 1962இலேயே நீங்கள் காட்டியிருந்தீர்கள். இவ்விரண்டு ஆய்வுகளையும் இவ்வாண்டு முதல் ஒரே வகுப்பில் சேர்த்துக் கற்பிக்கிறேன்.

மிக்க மரியாதையுடன்,
ஒரு விலங்கியல் ஆசிரியன்